மானுக்குத் தெரியாத ஆரஞ்சு

1988 நவம்பர் 15. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மேய்ன் மாநிலத்தில் ஹெர்மன் என்றொரு சிற்றூர். மான் வேட்டைக் காலம். முப்பத்தேழு வயதுப் பெண் ஒருவர் தன் வீட்டின் பின்புறம், மரங்கள் தொடங்கும் இடத்துக்குப் போனார். கைகளில் வெள்ளைக் கையுறை. குளிர் ஊர், நவம்பர் மாதம், கையுறை போடாமல் யார் வெளியே இறங்குவார்கள்? மரங்களுக்கு அப்பால் இருந்த வேட்டைக்காரர் ஒருவர் சுட்டார். மானைச் சுட்டதாகவே அவர் நினைத்தார். அந்தப் பெண் அங்கேயே இறந்துபோனார். அவருக்கு இரட்டைக் கைக்குழந்தைகள்.

வட அமெரிக்காவில் மிக அதிகமாக வேட்டையாடப்படும் மான், வெண்வால் மான். குளிர்காலத்தில் அதன் உடல் மரப்பட்டைபோலச் சாம்பல் கலந்த பழுப்பாகிவிடும். அசையாமல் நின்றால் பத்தடி தூரத்திலும் தவறவிடலாம். மிரண்டு ஓடும்போது மட்டும் வாலைச் செங்குத்தாகத் தூக்கும். வாலின் அடிப்பக்கம் பளீரென்ற வெள்ளை. அந்த வெள்ளை அசைவை அங்குள்ள வேட்டைக்காரர்கள் ‘கொடி’ என்கிறார்கள். காட்டில் மான் இருப்பதற்கு முதல் தடயம் பெரும்பாலும் அந்தக் கொடிதான். கையுறையின் வெள்ளை அப்படித் தோன்றியிருக்க வேண்டும் என்பதே பிறகு பரவலாகச் சொல்லப்பட்ட விளக்கம்.

அதன்பின் நடந்ததுதான் இன்னும் கனமானது. ஊரில் கணிசமானோர் இறந்தவரையே குறை சொன்னார்கள். வேட்டைக் காலத்தில் வெள்ளை அணிந்து வெளியே வரலாமா, ஆரஞ்சு போட்டிருக்க வேண்டாமா, வெளி மாநிலத்திலிருந்து குடிவந்தவருக்கு இந்த ஊர் வழக்கம் தெரியவில்லையே என்றெல்லாம் பேச்சு. வழக்குத் தொடர முகாந்திரம் உண்டா என்று பார்க்கும் முதல் குடிமக்கள் குழு, இல்லை என்று சொல்லிவிட்டது. இரண்டாவது குழு குற்றம் சாட்டியது. 1990இல் விசாரணை நடந்து வேட்டைக்காரர் விடுதலையானார். தன் வீட்டுக் கொல்லையில் நின்ற பெண்ணின் உடையைப் பற்றிய விவாதமாக ஒரு மரணம் மாறிப்போனது.

வேட்டை உடையின் நிறம் பற்றிய ஆய்வு, விதி, விவாதம் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கேள்வி இருக்கிறது: அடையாளம் காட்டவேண்டிய பொறுப்பு யாருடையது, அடையாளம் காணவேண்டிய பொறுப்பு யாருடையது? ஒளிரும் ஆரஞ்சு உடை உயிர்களைக் காத்திருக்கிறது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த உடை ஓர் உதவி மட்டுமே. அதை அணியாதவர் சுடப்பட்டால் குற்றத்தில் அவருக்கும் பங்குண்டு என்று பேசத் தொடங்கும் இடத்தில், நல்ல விதி ஒன்று கெட்ட நியாயமாகத் திரிகிறது.

மனிதரை மான் என்று நினைத்துச் சுடுவது கண்ணில்லாததால் வரும் தவறு அல்ல. சுட்டவர்களில் பலர் நல்ல பார்வை உள்ளவர்கள், பல ஆண்டுப் பழக்கம் உள்ளவர்கள். விடிவதற்கு முன்பே காட்டுக்குள் போய் உட்கார்கிறார்கள். மணிக்கணக்கில் ஒன்றும் வராது. மனம் முழுக்க மான் ஒன்றையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒரு சருகு நொறுங்கினால் அது குளம்படி. ஒரு கிளை ஆடினால் அது கொம்பு. மானைக் கண்டதும் கை நடுங்கி மூச்சு முட்டும் அந்தப் பதற்றத்துக்கு அமெரிக்க வேட்டைக்காரர்கள் ‘கலைமான் காய்ச்சல்’ என்ற பொருளில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். கண் கொடுப்பது நாலைந்து துணுக்குகள்தான்: கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் வெள்ளை, ஓர் அசைவு. மீதியை மனம் வரைந்து முடித்துவிடுகிறது.

இதை ஆய்வுக்கூடத்தில் காட்டியவர்கள் ஜெரோம் புரூனரும் லியோ போஸ்ட்மனும். 1949இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் பயன்பட்டவை சீட்டுக்கட்டுச் சீட்டுகள். சில சீட்டுகளில் நிறத்தை மாற்றியிருந்தார்கள்: ஆர்ட்டின் கறுப்பில், ஸ்பேடு சிவப்பில். ஒரு நொடியின் சிறு பகுதி நேரம் மட்டும் சீட்டைக் காட்டிவிட்டு என்னவென்று கேட்டார்கள். சாதாரணச் சீட்டை உடனே சொன்னவர்கள், நிறம் மாறிய சீட்டைச் சரியாகச் சொல்ல ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்பு பலர் தயக்கமே இல்லாமல் தவறாகச் சொன்னார்கள். கறுப்பு ஆர்ட்டினை ஸ்பேடு என்றார்கள்; சிலருக்குச் சிவப்பு ஸ்பேடு, சிவப்புக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட ஊதாவாகவோ பழுப்பாகவோ தெரிந்தது. எதிர்பார்ப்புக்குப் பொருந்தாத நிறத்தைக் கண் பார்த்தாலும் மனம் திருத்திவிடுகிறது. காட்டில் இருப்பவருக்கு அந்த நான்கு மடங்கு நேரம் கிடைப்பதில்லை. மான் ஓடிவிடும் என்ற பயம் அதைப் பறித்துக்கொள்கிறது.

நம் இலக்கணத்தில் இதே நிலைக்கு ஓர் இடம் இருக்கிறது. தூரத்தில் ஏதோ தெரிகிறது; மரக்கட்டையா, ஆளா என்று தெரியவில்லை. உயர்திணையா அஃறிணையா என்றே ஐயம் வந்தால் எந்தச் சொல்லால் அதைக் குறிப்பது? தொல்காப்பியம் இதற்கு விதி சொல்கிறது. திணையை முடிவு செய்துவிடாமல் ‘உரு’ என்ற பொதுச்சொல்லால் சொல்லலாம் என்கிறது. உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவதும் இதே கட்டையையும் ஆளையும்தான். தெரியாதவரை தெரியாததாகவே வைத்திருக்க மொழியில் ஓர் இடம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். வேட்டைக்காரரின் மனத்தில் இல்லாமல் போவது அந்த இடம்தான். அவருக்குக் கண்ணில் பட்டது உருவாக நிற்பதில்லை; அந்த நொடியே மானாகிவிடுகிறது.

ஆரஞ்சு செய்யும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. அது வெறுமனே ‘நன்றாகத் தெரியும் நிறம்’ அல்ல. வெள்ளைகூட நன்றாகத்தான் தெரியும், ஹெர்மனில் தெரிந்தது. மான் என்று மனம் வரையும் படத்தில் எந்த மூலையிலும் பொருந்தாத நிறம் வேண்டும். காட்டில் வேறெங்கும் இல்லாத நிறம் வேண்டும்.

முதலில் வேட்டைக்காரர்கள் நம்பியது சிவப்பை. பழைய அமெரிக்க வேட்டைப் படங்களில் சிவப்பும் கறுப்பும் கலந்த கட்டம் போட்ட கம்பளிச் சட்டைகளைப் பார்க்கலாம். பார்த்தால் எடுப்பாகத்தான் இருக்கும், பகலில். ஆனால் மான் பகலில் நடமாடுவது குறைவு. அது மேய வருவது விடிகாலையிலும் கருக்கலிலும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டு உடலியலாளர் யான் புர்கினியே ஒன்றைக் கவனித்தார். பகலில் இலையைவிடப் பளிச்சென்று தெரியும் சிவப்புப் பூ, விடியும் முன் பார்த்தால் இலையைவிடக் கறுத்துத் தெரிகிறது. வெளிச்சம் குறையக் குறைய நம் விழித்திரையில் கூம்புச் செல்கள் ஒதுங்கிக் குச்சிச் செல்கள் பார்வையை ஏற்றுக்கொள்கின்றன. குச்சிச் செல்களுக்குச் சிவப்பு ஏறக்குறைய இருட்டு. ஆகவே மான் வரும் நேரத்தில், சுடும் கை துடிக்கும் நேரத்தில், சிவப்புச் சட்டை ஒரு கருநிழலாக மாறிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு–பச்சை வேறுபாட்டைக் காண்பதில் ஏதோ ஒரு குறை இருக்கும். பெண்களில் இது அரை சதவீதம்தான். அமெரிக்காவின் வேட்டைக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து போகும் குழுவில் ஒருவருக்காவது அந்தக் குறை இருக்க வாய்ப்புண்டு. அது இருப்பதே அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். இந்தக் குறையின் ஒரு வகையில் சிவப்பு மங்கிக் கறுப்பாகவே தெரியும். உயிரைக் காக்கப் போட்ட நிறம், சுடுபவர்களில் ஒரு பகுதியினருக்கு இல்லவே இல்லை என்றால் அது என்ன காப்பு?

சரியான நிறம் கிடைத்தது வேட்டையோடு சம்பந்தமே இல்லாத ஓரிடத்திலிருந்து. 1930களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் பாப் சுவிட்சர், ஜோ சுவிட்சர் என்று இரண்டு சகோதரர்கள். பாப் ஒரு விபத்தில் தலையில் அடிபட்டுப் பார்வை பாதிக்கப்பட்டவர். குணமாகும்வரை இருட்டறையில் இருக்கவேண்டியிருந்தது. தம்பிக்கு மாயாஜால நிகழ்ச்சிகளில் ஆர்வம். அப்பாவின் மருந்துக்கடையில் இருந்த பொருள்களின் மேல் புற ஊதா விளக்கைக் காட்டி, எவை இருட்டில் ஒளிர்கின்றன என்று இருவரும் தேடினார்கள். மேடை வித்தைக்காகத் தொடங்கிய தேடல் அது. பிறகு புற ஊதா விளக்கே இல்லாமல், பட்டப்பகல் வெளிச்சத்திலேயே ஒளிரும் சாயங்களை உருவாக்கினார்கள். இரண்டாம் உலகப் போரில், கீழே நிற்பது தங்கள் படைதான் என்று விமானிகளுக்குக் காட்டும் துணிப்பலகைகளில் அந்தச் சாயம் பயன்பட்டது. நண்பனை எதிரியென்று சுட்டுவிடாமல் இருப்பதற்கான நிறமாக அது முதலில் போர்க்களத்தில் வேலை செய்தது என்பது கவனிக்கத்தக்கது. அவர்களுடைய நிறுவனம்தான் பின்னாளில் டே-குளோ என்ற பெயரைப் பெற்றது.

சாதாரண ஆரஞ்சுச் சாயம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஆரஞ்சுப் பகுதியை மட்டும் திருப்பி அனுப்பும், மற்றதை விழுங்கிவிடும். ஒளிரும் சாயம் அப்படி விழுங்கிய புற ஊதாவையும் நீலத்தையும் பச்சையின் ஒரு பகுதியையும் ஆரஞ்சாக மாற்றி வெளியே விடுகிறது. தனக்குக் கிடைத்த ஆரஞ்சு ஒளியைவிடக் கூடுதலாகத் திருப்பிக் கொடுக்கிறது. துணி தானே எரிவதுபோலத் தோன்றுவது கண் மயக்கம் அல்ல; அந்த அலைநீளத்தில் உண்மையிலேயே கூடுதல் ஒளி வருகிறது. மேகமூட்டத்திலும் அந்தியிலும் வானொளியில் நீலப் பங்கு கூடுகிறது. அந்த நீலமே இந்தச் சாயத்துக்குத் தீனி. சிவப்பு தோற்கும் நேரத்தில் இது எடுப்பாகத் தெரிகிறது. நிறப்பார்வைக் குறை உள்ளவருக்கு இது ஆரஞ்சாகத் தெரியாவிட்டாலும், சுற்றியுள்ளவற்றைவிட மிக வெளிச்சமான ஒரு திட்டாகத் தெரியும். மஞ்சளையும் யோசித்தார்கள். ஆனால் மங்கிய வெளிச்சத்தில் மஞ்சள் வெள்ளையாகத் தெரியக்கூடியது. வெண்வால் மான் திரியும் காட்டில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாசசூசெட்ஸ் மாநிலம், ஃபோர்ட் டெவன்ஸ் ராணுவ முகாமில் சோதனைகள் நடத்தி ஒளிரும் ஆரஞ்சையே தேர்ந்தது. அங்கிருந்து ஒவ்வொரு மாநிலமாகப் பரவி, இன்று அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிறவருக்கு இது கட்டாயம். சில சட்டங்கள் ஆரஞ்சு என்று சொல்லி விட்டுவிடுவதில்லை. முதன்மை அலைநீளம் 595இலிருந்து 605 நானோமீட்டருக்குள், நிறத் தூய்மை 85 சதவீதத்துக்குக் குறையாமல், வெளிச்ச அளவு 40 சதவீதத்துக்குக் குறையாமல் என்று இயற்பியல் பாடம்போல வரையறுக்கின்றன. காரணம் இருக்கிறது. வெயிலிலும் துவைப்பிலும் இந்தச் சாயம் சாகும். பத்து வருடம் பழகிய சட்டை பார்வைக்கு இன்னும் ஆரஞ்சாகத்தான் இருக்கும், ஒளிர்வு போயிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு போகிறவர் காப்பு இருப்பதாக நம்பிக்கொண்டே போவார்.

சரி, மனிதனுக்கு இவ்வளவு பளிச்சென்று தெரிந்தால் மானுக்குத் தெரியாதா? மான் ஓடிவிடாதா? வேட்டைக்காரர்கள் பல ஆண்டுகள் இந்த விதியை எதிர்க்க முக்கியக் காரணம் இந்தச் சந்தேகம். இதற்கான பதில் மானின் கண்ணுக்குள்ளேயே இருந்தது. 1992இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஜேக்கப்ஸ், ஜே நைட்ஸ் முதலிய பார்வை ஆய்வாளர்களும் கார்ல் மில்லர் முதலிய மான் ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். மயக்க மருந்து கொடுத்த மான்களின் விழியில் பல அலைநீள ஒளியைப் பாய்ச்சி, விழித்திரை எழுப்பும் மின்துடிப்பை அளந்தார்கள். முடிவுகள் 1994இல் வெளியாயின. நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்புச் செல்கள்: ஒன்று நீலத்துக்கு, ஒன்று 530 நானோமீட்டரை ஒட்டிய பச்சைக்கு, ஒன்று 560ஐ ஒட்டிய மஞ்சள்பச்சைக்கு. கடைசி இரண்டும் தரும் செய்திகளில் உள்ள வேறுபாட்டைக் கொண்டுதான் நம் மூளை சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரிக்கிறது. மானுக்கு இரண்டே வகை. ஒன்று 450–460, இன்னொன்று வெண்வால் மானில் 537. மூன்றாவது இல்லை. ஆகவே 600 நானோமீட்டர் ஆரஞ்சும் காட்டின் பச்சையும் மானுக்கு ஒரே நிறக் குடும்பம். வெளிச்ச ஏற்றத்தாழ்வு மட்டும் இருக்கலாம்.

மனிதனுக்குத் தீயாகவும் மானுக்கு இலையாகவும் தெரியும் நிறம்! இயற்கை இந்தச் சூத்திரத்தை எப்போதோ எழுதிவிட்டது. புலி ஏன் ஆரஞ்சாக இருக்கிறது? பச்சைக் காட்டில் பதுங்கும் விலங்கு பச்சையாக அல்லவா இருக்க வேண்டும்? பாலூட்டிகளின் முடியில் உள்ள நிறமிகளால் கறுப்பு, பழுப்பு, செம்மை ஆகியவற்றைத் தர முடியும். பச்சையைத் தர முடியாது. தரவும் வேண்டியதில்லை, ஏனென்றால் புள்ளிமானும் கடமானும் அந்த ஆரஞ்சைப் பச்சையிலிருந்து பிரிப்பதில்லை. 2019இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஃபென்னல் குழுவினர் இதைக் கணினி வழியாக ஆராய்ந்தார்கள். இரண்டு வகைக் கூம்புச் செல்கள் மட்டும் உள்ள கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படி மாற்றிய காட்சிகளில், புலியின் நிறம் புதருக்குள் கரைந்துபோனது. முதுமலையில் நாம் வாகனத்திலிருந்து கண்டு கத்தும் புலி, பக்கத்தில் மேயும் மானுக்கு அசையாதவரை புதர்தான். 

மானின் பலம் வேறு. அந்தியில் அது நம்மைவிடப் பலமடங்கு நன்றாகப் பார்க்கும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் உண்டு. இரவில் வண்டி விளக்கில் மான் கண் மின்னுவது அதனால். அசைவை உடனே பிடிக்கும். நம் கண்ணின் வில்லை தடுத்துவிடும் புற ஊதாவை அதன் வில்லை உள்ளே விடுகிறது. ஆகவே மானிடமிருந்து மறைய நினைப்பவர் அஞ்ச வேண்டியது நீலத்துக்கு. நீல ஜீன்ஸும், துணிக்கு வெண்மை கூட்டும் பொருள் கலந்த சலவைத்தூளில் துவைத்த உடையும் மானுக்கு எடுப்பாகத் தெரியக்கூடியவை. ஆரஞ்சைத் தவிர்த்துவிட்டு இலைவடிவம் அச்சிட்ட மறைப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அதைப் பளிச்சென்று துவைத்து வருகிறவர், மானிடம் தன்னைக் காட்டிக்கொண்டு மனிதனிடம் மறைந்துகொள்கிறார்.

நடைமுறையில் ஆரஞ்சால் எவ்வளவு பயன்? 1989 முதல் 1995 வரை நியூயார்க் மாநிலத்தில் நடந்த வேட்டை விபத்துகளைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1996இல் வெளியிட்ட அறிக்கை முக்கியமானது. அங்கே அப்போது ஆரஞ்சு கட்டாயம் இல்லை. ஆனாலும் மான், கரடி போன்ற பெருவிலங்கு வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் தாமாகவே அணிந்தார்கள். ஒருவரைக் காணத் தவறியதாலோ விலங்கென்று நினைத்ததாலோ நடந்த விபத்துகளைப் பிரித்துப் பார்த்தால், அடிபட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆரஞ்சு அணியாத சிறுபான்மையினர். ஆரஞ்சு அணிபவர் இயல்பாகவே கவனமானவர், அதனால்தான் தப்பினார் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் இந்த வகை விபத்தில் தவறுவது சுடுபவரின் கண். அடிபடுபவரின் கவனத்துக்கு அங்கே அவ்வளவு இடமில்லை. வித்தியாசத்தின் பெரும்பங்கு துணிக்கே உரியது என்று கொள்வதுதான் நேர்மை. இந்த அறிக்கைக்குப் பிறகும் கால் நூற்றாண்டு கழித்து, 2021இல்தான் நியூயார்க் அதைச் சட்டமாக்கியது.

2016இல் விஸ்கான்சின் மாநிலம் ஒளிரும் இளஞ்சிவப்பையும் அனுமதித்தது. பெண்களை வேட்டைக்கு ஈர்ப்பதற்கு என்று சொன்னதால், நிறத்தை வைத்து எங்களை அளக்காதீர்கள் என்று பெண் வேட்டைக்காரர்கள் சிலரே கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் நிறத்தில் குறை சொல்ல முடியாது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத் துணியியல் பேராசிரியர் மஜீத் சர்மதி அது ஆரஞ்சுக்கு இணையாகத் தெரிவதாகக் கண்டார். இலையுதிர்காலக் காட்டில், ஒளிராவிட்டாலும், ஆரஞ்சு இலை உண்டு. இளஞ்சிவப்பு இலை இல்லை.

எல்லா வேட்டைக்கும் இந்த நிறம் பொருந்துவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காட்டு வான்கோழிக்கு நம்மைவிட நுட்பமான நிறப்பார்வை. அதனால் வசந்தகால வான்கோழி வேட்டையில் தலை முதல் கால்வரை மறைப்புடை அணிந்து, மரத்தடியில் உட்கார்ந்து, பெட்டையின் குரலை ஊதுகுழலில் எழுப்பிச் சேவலை வரவழைக்கிறார்கள். அதே குரலைக் கேட்டு இன்னொரு வேட்டைக்காரரும் பதுங்கிப் பதுங்கி வருவார். புதருக்குள் குரல் இருக்கிறது. குரல் இருந்தால் பறவை இருக்கும். தசரதனுக்கு நேர்ந்தது இதுதான். குடத்தில் நீர் மொள்ளும் ஓசை, யானை நீர் குடிக்கும் ஓசையாகக் கேட்டது; ஒலி வந்த திசையில் அம்பு போனது. கண்ணனின் முடிவும் இப்படித்தான்: மரத்தடியில் சாய்ந்திருந்தவரின் பாதம் ஜரா என்ற வேடனுக்கு மானாகத் தெரிந்தது. இதிகாசங்கள் இவற்றைச் சாபம், விதி என்று பேசினாலும், காட்டில் ஒரு துண்டு ஓசையும் ஒரு துண்டு உருவமும் என்ன செய்யும் என்பதை நன்றாக அறிந்தவர்கள் சொன்ன கதைகள் அவை. வான்கோழி வேட்டைப் பயிற்சியில் இன்று முதலில் சொல்லித்தருவது, குரலை நோக்கிப் பதுங்கிப் போகாதே என்பது. அடுத்தது, சிவப்பு, வெள்ளை, நீலம் அணியாதே என்பது. சேவலின் தலையில் உள்ள நிறங்கள் அவை.

ஆரஞ்சு தோற்கும் இடங்களும் உண்டு. 2006 பிப்ரவரியில் டெக்சாஸில் அப்போதைய துணை அதிபர் டிக் செனி, காடை வேட்டையின்போது தன்னோடு வந்த 78 வயது வழக்கறிஞரைச் சுட்டுவிட்டார். அடிபட்டவர் ஆரஞ்சு அணிந்திருந்தார். பறவையைத் துரத்தித் திரும்பிய துப்பாக்கிக் குழலின் வழியில் அவர் நின்றார், அவ்வளவுதான். தெரியாத உருவத்தை மானாகக் காண்பதை நிறம் தடுக்கும். பார்க்கவே செய்யாத திசையில் சுடுவதைத் தடுக்காது. நியூசிலாந்தில் ஆரஞ்சு சட்டக் கட்டாயம் அல்ல. ஐயத்துக்கு இடமின்றி இலக்கை அடையாளம் காண் என்பது அங்கே துப்பாக்கி விதிகளில் ஒன்று. அடர்காட்டில் நடந்த பல மரணங்களில் சுட்டவர், காலையில் ஒன்றாகக் கிளம்பி வந்த, இறந்தவரின் சொந்தக் கூட்டாளி. அவன் அந்தப் பள்ளத்தின் மறுபுறம் இருக்கிறான் என்று மனம் முடிவு செய்திருந்தது. இங்கே இருக்க முடியாது என்று நினைத்தவனின் இடத்தில் மானைத்தான் கண்டார்கள். நியூசிலாந்துக்காரர்கள் நிறத்தைக் குறைத்துச் சுடுபவரின் பொறுப்பைக் கூட்டிப் பேசுவது இந்த அனுபவத்திலிருந்துதான். அவர்கள் சொல்வதில் பாதியோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் பொறுப்பைச் சுடுபவர்மேல் வைப்பதற்காக, அடிபடக்கூடியவரிடமிருந்து ஒரு காப்பை ஏன் விலக்க வேண்டும்?

இன்னொன்று: வேட்டைக்காரர் அல்லாதவர் என்ன செய்வது? 2020 டிசம்பரில் பிரான்சின் லோத் பகுதியில், தன் வீட்டருகே விறகு வெட்டிக்கொண்டிருந்த 25 வயது இளைஞர் காட்டுப்பன்றி என்று நினைத்துச் சுடப்பட்டு இறந்தார். ஹெர்மனுக்குப் பின் முப்பத்திரண்டு ஆண்டுகள். கூட்டு வேட்டையில் இறங்குகிறவர்களுக்கு ஒளிரும் மேற்சட்டையைப் பிரான்ஸ் அப்போது கட்டாயமாக்கியிருந்தது. விறகு வெட்டுபவருக்கு அந்தச் சட்டம் என்ன செய்யும்? அவர் வேட்டைக்கு வரவில்லை. வேட்டை அவரிடம் வந்தது.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். இந்த ஆரஞ்சு நமக்குச் சாலைப் பணியாளரின் நிறம். ஆனால் கனடாவின் ஒன்ராறியோவில் தமிழர் பல்லாயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். அங்கே துப்பாக்கி வேட்டைக் காலத்தில் மான் வேட்டைக்காரர் இடுப்புக்கு மேல் 400 சதுர அங்குல ஆரஞ்சும் தலைக்கு ஆரஞ்சும் அணிய வேண்டும். நடைக்குப் போகிறவருக்குச் சட்டம் எதையும் சொல்வதில்லை. நவம்பரில் பிள்ளைகளோடு வேட்டை நடக்கும் காட்டுப்பாதைக்குப் போகும் குடும்பம், ஆளுக்கொரு ஆரஞ்சு மேற்சட்டையும் தொப்பியும் வைத்துக்கொள்வது நல்லது, நாய்க்கும் சேர்த்து. நான் இதைச் சொல்வது அவர்கள் உயிரை நினைத்து. போட்டுக்கொள்ள மறந்த ஒருவர் அடிபட்டால், ஏன் போடவில்லை என்ற கேள்வி அவரிடம் கேட்கப்படக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஹெர்மன் மரணம் எழுப்பிய கோபம் வீண்போகவில்லை. 1991இல் மேய்ன் மாநிலம் இலக்கை அடையாளம் காண்பது பற்றித் தனிச் சட்டம் இயற்றியது. மானா என்று உறுதியாகத் தெரியாமல் சுடுவதே குற்றம். விவேகமுள்ள வேட்டைக்காரர் எப்படி நடந்துகொள்வார் என்பதையும் அது விரித்துச் சொல்கிறது. இலக்கின் தலையையும் உடலையும் பெரிய மறைப்பு ஏதுமில்லாமல் கண்ணால் கண்டு அவர் முடிவு செய்வார். ஓசை, அசைவு, நிறம் இவையெல்லாம் அதற்கு ஈடாகா. எதிரே இருப்பது மனிதராக இருக்கக்கூடும் என்பதை அவர் ஒருபோதும் ஒதுக்கிவிடமாட்டார். துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிறவர் ஒளிரும் ஆரஞ்சில் இரண்டு உருப்படிகள் அணிய வேண்டும் என்பதும் அதே மாநிலத்தின் விதி: ஒன்று தலையில், ஒன்று உடலில்.